பூட்டம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை

எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு கொசுகூட யாரையும் கடித்துவிட முடியாது என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் வயிற்றெரிச்சலில் சொல்கிறார்கள், ஆனால் பொய் சொல்லவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு நேர் எதிரே என் வீடு. மேலே ஏறுகிறவர், கீழே இறங்குகிறவர், பாதிப் படியில் நின்று போனில் குசுகுசுக்கிறவர், எல்லாரும் என் ஜன்னலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எனக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

அப்பேர்ப்பட்ட நான், ஆயுள் முழுக்க ஒரே ஒருத்தியிடம் மண்ணைக் கவ்வினேன். அவள்தான் பூட்டம்மா.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவர் தும்மினால் வெளியே நிற்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒரு பூட்டு சாவிக் கடை. புருஷன் போன பிறகு, இடுப்புயரப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கடையில் ஏறி உட்கார்ந்தவள். "பொம்பளை பூட்டு ரிப்பேர் பண்றதாவது" என்று தெரு சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் பிற்பாடு சாவியைத் தொலைத்துவிட்டு, சொந்த வீட்டு வாசலிலேயே திருட்டு முழி முழித்துக்கொண்டு, அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். அவளும் தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு வருவாள். அவள் திறக்காத கதவு இந்தத் தெருவில் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தருடைய வீடு எப்போது எப்படி இருக்கும் என்று சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. நாம் போகிறோம் என்றால் நாற்காலியில் கிடக்கும் துணியை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். பூட்டம்மா போகிற வீடு அப்படி அல்ல. போட்டது போட்டபடி, உடைத்தது உடைத்தபடி இருக்கும். இந்தத் தெருவின் குடலையே பார்த்தவள் அவள். எனக்கு மட்டும் அந்த வாய்ப்பு கிடைத்திருந்தால்!

ஆனால் அவள் வேலை செய்கிற விதமே வேறு. பூட்டு 'களுக்' என்றதும் கதவைத் தள்ளமாட்டாள். நூலிடை அளவு திறந்துவிட்டு, கைப்பிடியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பிவிடுவாள். "திறந்தாச்சு, போங்க." அவ்வளவுதான். படியிறங்கி வருகிறவளை நான் விடுவேனா?

"மூணாவது மாடியில என்னக்கா, அவ்வளவு நேரம்?"

"ஸ்பிரிங் போயிருச்சு."

"யாருக்கு?"

"பூட்டுக்கு."

"அழுகைச் சத்தம் கேட்டுச்சே?"

"கதவுக் கீல். எண்ணெய் விட்டிருக்கேன், இனிமே கேக்காது."

டீ கொடுத்துப் பார்த்தேன். என் வீட்டு ரகசியம் இரண்டை முன்பணமாக அவிழ்த்துப் பார்த்தேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பூட்டம்மா போய்ச் சேர்ந்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாவிலும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

மகன் வெளியூரிலிருந்து மனைவியோடும் காலேஜ் படிக்கிற மகளோடும் வந்தான். பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம். சின்ன வயதில் இந்தத் தெருப் பிள்ளைகள் அவனை "சாவிக்காரி மகனே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு பெட்டியைக் கட்டியவன், பண்டிகைக்கு வருகிற விருந்தாளி மாதிரிதான் பிறகு வந்துபோனான். எத்தனையோ முறை கூப்பிட்டும் அம்மா அவனோடு போய் இருக்கவில்லை. "தெருவுல யாராவது சாவியத் தொலைப்பாங்க" என்பாளாம். அதில் அவனுக்கு ஒரு ஆறாத வருத்தம்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, கட்டடத்தின் கீழ் ஹாலில் ஒரு நினைவுக் கூட்டம் வைக்கப்போவதாகச் சொன்னான். மகளையும் கூட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான்.

"அத்தை, நீங்கதான் முதல்ல பேசணும். அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை."

"நானா?"

"உங்களுக்குத் தெரியாதது எது? இவ கேக்கறா, பாட்டி எப்படிப்பட்டவங்கன்னு. சாவி செஞ்சாங்கன்னேன். அப்புறம்ங்கறா. அப்புறம் எனக்கு ஒண்ணும் வரலை அத்தை. 'இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு'ன்னு கேட்டா, பூட்டு, சாவிம்பாங்க. அவங்க வாழ்க்கையே அவ்வளவுதானா? யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும், அவ்வளவு மட்டும் இல்லன்னு."

பேத்தி சிரித்தாள். "எனக்குப் பாட்டி பூட்டைத்தான் பொம்மையா குடுப்பாங்க. திறந்துட்டா கைதட்டுவாங்க. வேற எதுவும் பேசினதே ஞாபகம் இல்ல."

எங்கள் கட்டடத்துப் பூனைகளின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லக்கூடிய எனக்கு, எதிரே உட்கார்ந்து டீ குடித்த ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை. "பார்க்கலாம்ப்பா, தெருவே திரண்டு வரும், பேச ஆளா இல்ல" என்று சமாளித்தேன்.

தெரு திரண்டுதான் வந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மேஜைமேல் பூட்டம்மாவின் படம், பக்கத்தில் மைக். வீட்டு விசேஷத்துக்குக்கூடத் தாமதமாக வருகிற தையல்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ்காரர் சட்டையை உள்ளே விட்டு இன் பண்ணியிருந்தார். எல்லார் கண்ணும் கலங்கியிருந்தது. சரி, கூட்டம் களைகட்டும் என்று நினைத்தேன்.

மகன் மைக்கைப் பிடித்து, ரெண்டு வார்த்தை பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றான். ஒருவர் எழுந்தார். "நல்லவங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் எழுந்தார். "ரொம்ப நல்லவங்க." அவரும் உட்கார்ந்துவிட்டார். அவன் ரெண்டு வார்த்தை கேட்டான், இவர்கள் ரெண்டு வார்த்தையைத் தாண்டவில்லை. மூன்றாவது ஆள் மைக் வரைக்கும் போய், வாயைத் திறந்து, மூடி, படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் மின்விசிறிச் சத்தம்தான்.

மகன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. "எங்கம்மா வெளியூர்க்காரி இல்ல. இந்தத் தெருவுலயேதான் இருந்தாங்க" என்றான். "உங்க எல்லார் வீட்டுக்கும் வந்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூட ஒண்ணுமே ஞாபகம் இல்லையா? பரவாயில்ல. வேற யாரும் இல்லன்னா…"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஜன்னல் வழியாக முகம் பார்த்தே பழகியவள். அந்த ஹாலில் இருந்தவை ஞாபகம் இல்லாத முகங்கள் அல்ல. நாக்கு நுனி வரை வந்துவிட்டதைப் பல்லைக் கடித்து நிறுத்திவைத்திருக்கிற முகங்கள். பூட்டம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டுமானால், அவள் வந்த அன்றைக்குத் தன் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதுவும் தெருவுக்கு முன்னால். அதுவும் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது!

டீச்சரம்மாதான் முதலில் எழுந்தாள். புருஷன் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடந்து போனால் வயதுவந்த ஆம்பிளைகள்கூடச் சிகரெட்டைக் கீழே போடுவார்கள். கடைசிக் காலத்தில் வெளியே வரவே இல்லை. மூட்டுவலி என்று சொல்லியிருந்தாள்.

"மூட்டுவலி இல்ல" என்றாள் டீச்சரம்மா. "அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு. என்னை யாருன்னு தெரியாது. ஒருநாள் குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். நான் கதவைத் தட்டத் தட்ட, யாரோ திருடி வந்துட்டான்னு உள்ள இருந்து கத்தறார். பூட்டம்மாவைக் கூப்பிட்டேன். வந்தா. பையை இறக்கி வச்சா. ஒரு கம்பியைக்கூட எடுக்கலை. கதவுக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னு, 'சார், உள்ள வரலாமா சார்? லேட்டாயிருச்சு சார்'னு கேட்டா."

டீச்சரம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"உள்ள சத்தம் நின்னுச்சு. 'ஏன் லேட்டு?'ன்னு கேட்டார், பழைய குரல்ல. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு எவ்வளவோ காலம் ஆச்சு. 'பஸ் வரலை சார்'ன்னா இவ. 'நாளைக்கு இப்படி நடக்கக்கூடாது. வா'ன்னு அவரே திறந்தார். அதுக்கப்புறம் எத்தனையோ நாள் அப்படி. ஒவ்வொரு தடவையும் வந்து, லேட்டுக்கு ஒரு புதுக் காரணம் சொல்லுவா. அவர் போற வரைக்கும் இந்தத் தெருவுல அவர் ஹெட்மாஸ்டராவேதான் இருந்தார். அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…" என் பக்கம் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினாள். புரிந்தது.

பூட்டம்மா பள்ளிக்கூடத்தின் பக்கமே அதிகம் போகாதவள். ஒரு பிள்ளை தாமதமாக வந்து எப்படி நிற்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. இன்சூரன்ஸ்காரர் எழுந்து, ஒரு நாள் காலையில் குளித்துவிட்டுப் பேப்பர் எடுக்க வெளியே வந்தபோது காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டதாகவும், பூட்டம்மா வரும்வரை துண்டோடு படியில் நின்றதாகவும், அவள் வந்து முதலில் தன் குடையைத் திறந்து கையில் கொடுத்ததாகவும் சொன்னார்.

"மழையா பெய்ஞ்சுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"துண்டு சின்னதுப்பா" என்றார்.

ஹால் குலுங்கியது. மகனே சிரித்துவிட்டான். பேத்தி அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரர் எழுந்தார். ஆள் ஊசி மாதிரி, பேச்சும் நூல் மாதிரி இழுத்தால்தான் வரும். மனைவி விட்டுப் போன புதிதில் அவர் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டது எல்லாருக்கும் தெரியும்; காய்ச்சல் என்று சொன்னார்கள்.

"காய்ச்சல் இல்ல" என்றார். "வெளிய வர எண்ணமே இல்ல எனக்கு. எதுக்கு வரணும்னு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் பூட்டு இருக்கிற ஷட்டர் அது. இந்தம்மா நினைச்சா ஒரு நிமிஷத்துல தூக்கியிருக்கலாம். தூக்கலை. காலையில வந்து வெளிப்பக்கத்துப் பூட்டுக்கு எண்ணெய் விடுவாங்க. விட்டுக்கிட்டே பூட்டைத் திட்டுவாங்க. 'என்னடா பெரிய இவனாட்டம் முறுக்கிக்கிட்டிருக்க? உன்னால ஒரு கல்யாணத் துணி நிக்குது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யூனிஃபார்ம் கை நீளம் நீளமா தொங்குது.' சாயங்காலம் வந்து மறுபடியும் திட்டு. எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தா பசி வரும். ஒரு நாள் தாங்க முடியாம ஷட்டரைத் தூக்கி, 'எந்தப் பிள்ளை யூனிஃபார்ம்?'னு கேட்டேன். கையில வச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"யாரு யூனிஃபார்ம்?" என்று பேத்தி கேட்டாள்.

தையல்காரர் பூட்டம்மாவின் மகனைக் கையால் காட்டினார். "இவரோடது. கை சரியாத்தான் இருந்துச்சு. நான் தைச்சதாச்சே, எனக்குத் தெரியாதா. இருந்தாலும் பிரிச்சுத் தைச்சேன்."

மகன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

பிறகு மூன்றாவது மாடிக்காரி எழுந்தாள். அதிகம் பேசாதவள், கணக்கு ஆபீஸில் வேலை பார்த்து இப்போது ஓய்வு பெற்றவள். அவள் புருஷனை இந்தக் கட்டடம் இன்றைக்கும் உதாரணம் காட்டும்: வெற்றிலை பாக்கு கிடையாது, உரத்த பேச்சு கிடையாது, நேரே ஆபீஸ், நேரே வீடு. அவர் போய் வெகுநாள் ஆகிறது.

"அவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது வெளிய பூட்டிட்டுப் போவார்" என்றாள். "என்னை உள்ள வச்சு."

மைக் இல்லாமலே சொன்னாள். கடைசி வரிசை வரை கேட்டது.

"பழைய பூட்டு ஒருநாள் கெட்டுப்போச்சு. அவரே பூட்டம்மாவைக் கூட்டிட்டு வந்தார், புதுசு மாத்த. கதவோட உள்பக்கம் அவங்க பார்த்தாங்க. சாவி ஓட்டையைச் சுத்தி ஒரே கீறல். கத்தியால நான் போட்டது. என்னை ஒண்ணும் கேக்கலை. பூட்டை மாட்டினாங்க, சாவிக்கொத்தை அவர் கையில குடுத்தாங்க, போயிட்டாங்க. இவங்களும் அவ்வளவுதான்னு நினைச்சேன். மறுநாள் மத்தியானம் கதவுக்கு அடியில ஏதோ கரகரன்னுச்சு. ஒரு சாவி உள்ள வருது. 'புதுப் பூட்டும்மா, உள்ள இருந்தும் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கணும்'னு வெளிய இருந்து குரல்."

விரலால் காற்றில் ஒரு சாவியைத் திருப்பிக் காட்டினாள்.

"அன்னைக்குத் திறந்தேன், மூடினேன், அவ்வளவுதான். சும்மா திறந்து திறந்து மூடிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் மொட்டை மாடி. அப்புறம் தெருமுனை. அப்புறம் டைப்பிங் கிளாஸ். தினமும் போய் அவர் வர்றதுக்குள்ள வந்துடுவேன். அவர் செத்த பிறகு நான் உடனே வேலைக்குப் போனேன்ல, இவளுக்கு யாரு வேலை குடுத்தான்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டீங்க. நான் ரெண்டு பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "என் ஜன்னலைத் தாண்டித்தானேடி போகணும்!" என்று கத்தியேவிட்டேன்.

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "பூட்டம்மா சொல்லிவிட்டாங்க. 'கீழ் வீட்டு ரேடியோ சாப்பிட்டதும் அணைஞ்சுடும், குறட்டை கேட்டதும் இறங்கிடு'ன்னு."

மொத்த ஹாலும் வெடித்துச் சிரித்தது. எனக்குக் காது வரை சூடானது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கோபம் வரவில்லை. நான் ஜன்னலில் உட்கார்ந்து இந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவள் என் தூக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, அதையும் ஒரு கருவியாகப் பையில் போட்டு வைத்திருந்திருக்கிறாள். எப்பேர்ப்பட்ட தலை! இத்தனையையும் அந்த ஒற்றை வாய்க்குள் எப்படி அடக்கி வைத்திருந்தாள்? நானாக இருந்தால் முதல் நாளே வெடித்துச் செத்திருப்பேன்.

"நீங்க சொல்லுங்க அத்தை" என்றான் மகன். முகத்தில் கேட்கிற ஆசை வந்திருந்தது. "உங்க வீட்டுக்கு?"

"என் கதவைப் பூட்டினாத்தானேப்பா திறக்க வரணும்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. அந்த ஹாலில் கதை இல்லாத ஒரே ஆள் நான்தான் என்பது எனக்கு எப்படி வலித்தது என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

பேத்திதான் கேட்டாள். "அப்பா, உங்களுக்கு?"

"எனக்கா?" என்றான். எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றான். "எனக்கு அவங்க ஒரு கதவும் திறந்ததில்ல."

மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டான்.

"நிஜமாத்தான் சொல்றேன். பசங்க கிண்டல் பண்ணிட்டா ஓடி வந்து உள்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். ஒண்ணுக்கும் உதவாத தாழ்ப்பாள் அது. கொண்டை ஊசியை விட்டுத் தூக்கினா வந்துடும். ஊர்ல எல்லார் கதவையும் திறக்கிற அம்மா. இப்ப வருவாங்க, திறப்பாங்க, திறந்ததும் கத்தணும்னு உள்ள காத்துக்கிட்டே இருப்பேன். வரமாட்டாங்க. வருவாங்க, ஆனா திறக்கமாட்டாங்க. 'திற'ன்னுகூடச் சொல்லமாட்டாங்க. கதவுக்கு வெளிய உக்கார்ந்து சாவி தேய்ப்பாங்க. கீழ இடுக்குல சேலை தெரியும். அரம் போட்டுத் தேய்க்கிற சத்தம் கரகரன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும். உள்ள பிள்ளை அழறான், இவங்களுக்குச் சாவிதான் பெருசா போச்சான்னு. அதை நான் இன்னைக்கு வரைக்கும் மனசுல வச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரம் இருப்பாங்க?" என்று பேத்தி கேட்டாள்.

"நான் அழுது தூங்கிடுவேன். முழிச்சாலும் அந்தச் சத்தம் இருக்கும். திறந்துட்டு வந்தா, 'வா, சாப்பிடு'ம்பாங்க. அவ்வளவுதான். வேற…"

அவன் எதையோ காது கொடுத்துக் கேட்பவன்போல முகத்தைச் சாய்த்தான்.

"கடையில மெஷின் இருந்துச்சு" என்றான், யாரிடமும் இல்லாமல். "சாவி வெட்டறதுக்குன்னு அப்பா வாங்கிப் போட்ட மெஷின். ஒரு நிமிஷத்துல ஒரு சாவி வந்துடும். கையால தேய்க்க வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்ல."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. பேசவில்லையே தவிர மைக்கின் முன்னால்தான் நின்றிருந்தான். அவன் மூச்சு இழுப்பதும், உடைவதும், மறுபடி இழுப்பதும் ஹாலின் நாலு மூலையிலும் பெரிதாகக் கேட்டது. தையல்காரர் எழுந்து, சத்தமில்லாமல் மேஜையைச் சுற்றிப் போய், மைக்கின் சுவிட்சை அணைத்தார்.